கன்னத்துச் சிவப்பு அம்மை இல்லை, அக்கா

என் உயிர் அக்காவுக்கு,

உன் மகள் சரண்யா என்னைவிட உயரமாகிவிட்டாள். கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை. அம்பிட்டியவில் என்னோடுதான் இருக்கிறாள். வாய் மட்டும் உன்னைப் போலவே, யாருக்கும் அடங்காது.

போன மாதம் ஒரு காலையில் போத்தல் மூடியைத் திறக்க முடியாமல் நின்றாள். விரல் மூட்டெல்லாம் வீக்கம், காய்ச்சல். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்பு. அதே முகத்தை ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் உன்னிடம் பார்த்தவள் நான்.

அன்று நான் என்ன செய்தேன்? "ஆத்தா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை கட்டினேன். "டவுனுக்குக் கூட்டிட்டுப் போடி, கை காலெல்லாம் நோவுது" என்று நீ கெஞ்சினாய். "அம்மை போட்டிருக்கையில ஆஸ்பத்திரிக்குப் போனா ஆத்தா கோவிச்சுக்குவா" என்று உன் வாயை அடைத்தேன். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு மூன்று தண்ணீர் ஊற்றியும் சிவப்பு போகவில்லை. பிறகு தூக்கிக்கொண்டு ஓடியபோது உன் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது; நீ உயிரோடு வீடு திரும்பவேயில்லை. ஒரு கொப்புளம்கூட இல்லாத அம்மை எங்கே இருக்கிறது, அக்கா? அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

இந்த முறையும் பக்கத்து வீட்டு மாமி வேப்பிலையோடு வந்தார். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சரண்யாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா சொன்னார்: "இது அம்மை இல்லை, லூபஸ். உடம்பைச் சேர்த்துப் பிடிக்கிற திசுக்களிலை அழற்சி. உடம்பே தன்னைத் தாக்குது. நேரத்தோடை வந்திட்டியள். வெயில் படக் கூடாது, மருந்துக் குளிசையை விடக் கூடாது." உன்னைப் பற்றியும் சொன்னேன். "அவவுக்கும் இருந்திருக்கலாம்" என்றார் மெதுவாக.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சரண்யா கேட்டாள். "சித்தி, அம்மாவுக்கும் இதுதானா?"

"அப்படித்தான் போல. நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போக விடல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்பிட்டிய ஏற்றம் வந்ததும் வீங்கிய கையை என் மடியில் வைத்தாள். "நோவுது சித்தி, புடிச்சு விடுங்க" என்றாள். இறங்கும்வரை பிடித்துவிட்டேன்.

நீ மன்னித்தாயா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. உன் மகளை வெயிலில் விட மாட்டேன், ஒரு கிளினிக்கையும் தவறவிட மாட்டேன். ஆத்தாவைக் கும்பிடுவேன். ஆனால் "கூட்டிட்டுப் போங்க" என்று அவள் சொல்லி முடிக்குமுன் நான் செருப்பை மாட்டியிருப்பேன்.

நீ சொன்னதைக் காலம் கடந்து கேட்ட,
உன் தங்கச்சி