காத்திருக்கச் சொல்லும் வேலை

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் நலம். நலம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வருஷமாக என் மகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாய். நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வாய், எழுதவில்லை.

தொற்று வார்டை மூடிவிட்டோம். கூடுதலாகப் போட்ட கட்டில்களைப் பிரித்துக் கிடங்குக்கு அனுப்பியாயிற்று. இப்போது அங்கே கை கால் முறிந்தவர்கள் படுத்துக்கொண்டு, சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனாலும் யாராவது இருமினால் என் கை தானாக ஆக்சிஜன் குழாயைத் தேடுகிறது. எல்லாம் முடிந்துவிட்டதா, இல்லை இது வெறும் இடைவேளையா, ஒன்றும் பிடிபடவில்லை.

மறுபடியும் நோய் பரவிக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தால் என்ன செய்வது என்று போன வாரம் ஒரு ஒத்திகை வைத்தார்கள். ஆஸ்பத்திரி ஆட்களே நோயாளிகளாக நடித்தார்கள். உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்புப் பட்டை, காத்திருக்கக்கூடியவருக்கு மஞ்சள். பார்த்துக் கட்டுவது என் வேலை. நான் எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பையே கட்டி வைத்திருக்கிறேன். லேசான காய்ச்சல்காரராக நடித்த லிஃப்ட்காரர், "சிஸ்டர், எனக்கு வெறும் காய்ச்சல்தான், பயமுறுத்தாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த நாட்களில் நான் மஞ்சள் கட்டி உட்காரவைத்தவர்களில் சிலர் உட்கார்ந்தபடியே போய்விட்டார்கள். உன்னிடம் சொன்னதில்லை. முறைப்படி அன்று நான் மஞ்சள் கட்டியது சரிதான் என்கிறார்கள். சரி என்றால், ஒத்திகையில்கூட ஏன் எனக்கு மஞ்சளை எடுக்க மனம் வரவில்லை?

பெரிய டாக்டரம்மா திட்டுவார் என்று பார்த்தால், அவசர ஏற்பாடுகளுக்கெல்லாம் என்னையே பொறுப்பாக இருக்கச் சொல்கிறார். பாராட்டா தண்டனையா, தெரியவில்லை. ஒத்துக்கொண்டால், அடுத்த முறை முதலில் உள்ளே போய்க் கடைசியில் வெளியே வருவது நான்தான். உன் அத்தானோ லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

முந்தாநாள் போனை உன்னிடமிருந்து பிடுங்கி என் மகள் கேட்டாளே, அது உன் காதில் விழுந்ததா? "அம்மா, திரும்பவும் சீக்கு வந்தா என்னைத் திரும்பவும் அனுப்பிடுவியா?"

நான் பல் தேய்த்தாயா என்று கேட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு. உலகத்தில் வேறு எந்த அம்மாவும் கேட்டிருக்கமாட்டாள்.

உன்னிடமும் கேட்பாள். அம்மா அனுப்பமாட்டாள் என்று சொல்லிவிடாதே. அனுப்புவாள் என்றும் சொல்லாதே. பின்னே என்னதான் சொல்வது என்று என்னைக் கேட்காதே, தெரிந்திருந்தால் இத்தனை நீளக் கடிதம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வருகிறேன். அவள் துணிமணிகளைப் பையில் எடுத்து வை. உன் அலமாரியில் அவள் துணி வைக்கும் தட்டை மட்டும் வேறு எதற்கும் எடுத்துக்கொள்ளாதே, கண்ணு. கொஞ்சம் பெரிய அளவில் இரண்டு உடுப்பு வாங்கி வருகிறேன், அங்கேயே இருக்கட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாயிரு.

உன் அக்கா