மடுவத்திலிருந்து பீலி வரை

நீ விட்டுப்போன கம்பளி இன்று நன்றாக நனைந்துவிட்டது. அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருக்கிறேன். ஈரக் கம்பளியும் புகையும் சேர்ந்த வாசம் காம்பரா முழுக்க நிற்கிறது. மழை நாளில் மலையிலிருந்து இறங்கும்போது உன்னை ஒட்டி நடந்தால் வருகிற அதே வாசம். "அங்க வெயிலு கொளுத்துமாம், இத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?" என்று சொல்லித்தான் இதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். இந்த வாசத்தைப் பற்றிப் பேசக்கூட இப்போது எனக்கு ஆளில்லை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார், மகளையும் வேறு தோட்டத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டத் தெரியாதவள். இப்போது அது ஒரு குறையில்லை.

உன் மகன் போட்ட தபாலட்டை முந்தாநாள் வந்தது. அம்மா தவறிவிட்டார்கள் என்று இரண்டே வரி.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடையைக் கொட்டிவிட்டு, நம் காம்பராக்கள் வரிசையாக இருக்கிற லயத்துக்குக் கீழே தண்ணீர் விழுகிற பீலியில் கால் கழுவுகிற வரைக்கும் நமக்கு அரைமணி நேர நடை. அந்த நடையில் அன்றைக்குச் செய்ததைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது நீ கொண்டுவந்த வழக்கம். உன் தேயிலை நிரையில் தெரியாமல் புகுந்துவிட்ட ஒரு பெண்ணை நீ வாய்க்கு வந்தபடி ஏசினாய். அவள் அன்றெல்லாம் அழுதுகொண்டே கொழுந்து கிள்ளினாள். மறுநாள் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "நம்ம என்ன செஞ்சோம்னு நம்மளே பாக்காட்டி வேற யாரு புள்ள பாப்பா? வேல வாங்குற கண்டாக்கு ஐயா கூடையத்தான் பாப்பாரு" என்றாய்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருக்கிற இடுப்பு வலிக்கு நடுவில் இது வேறா என்று கேட்டேன். ஆனாலும் பழகிப்போய்விட்டது. உன் பாடு நாலு எட்டில் முடிந்துவிடும். பிள்ளையைச் சும்மா அடித்தது, புருஷனுக்கு முகம் கொடுக்காமல் குடிக்கச் சாயத் தண்ணியை நீட்டியது, அவ்வளவுதான். என் பாடு பீலிக்கு வந்தும் முடியாது. எல்லாம் இந்த வாய் செய்கிற வேலை. "மிச்சத்த நாளைக்கு வெச்சிக்க, தண்ணி நின்னுறப் போவுது" என்பாய். ஒரு நாளும் நீ தீர்ப்புச் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் வருவாய். மறுநாள் அதே ஆளிடம் நான் வாயைத் திறக்கும்போது, சாயங்காலம் இதை உன்னிடம் சொல்ல வேண்டுமே என்று நினைப்பு வரும். பாதிப் பேச்சு உள்ளேயே நின்றுவிடும். அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மனுஷியானேன்.

பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட குடும்பங்களை விசாரிக்க அதிகாரி தோட்டத்து ஆபீசுக்கு வந்தாரே, அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. நீங்கள் இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பது அந்த விசாரணையில்தான் இருந்தது. அடுத்த காம்பராக்காரி என்பதால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இன்னொரு சாட்சி உன் புருஷனுடைய அண்ணன். அவர் தன் முறைக்காக வாசலில் நின்றார். நீ கீழே மரத்தடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாய்.

"இந்தம்மா இந்தியாவுக்குப் போயிருக்காங்களா?" என்று மொழிபெயர்க்கிறவர் கேட்டார்.

பெரிய மனிதர்கள் முன்னால் உன்னை உயர்த்திக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. நாதியற்ற ஜனம் என்று நினைத்துவிடக் கூடாதே. "போகாம என்னங்க? அவங்க அப்பா செத்ததுக்குப் போயி, வருசத் திதி வரைக்கும் இருந்து, எல்லாம் முறையா செஞ்சிட்டுத்தான் வந்தாங்க. அப்பேர்ப்பட்ட குடும்பம்ங்க" என்றேன்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "ஒரு வருசம் இருந்தாங்களா?"

"மேலயே இருக்கும்ங்க."

நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தேன். என்ன கேட்டார்கள் என்று நீ விசாரித்ததற்கு, "எல்லாம் ஒசத்தியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றேன். அன்று பீலிக்கு நடக்கும்போது, இன்றைக்குச் சொல்ல ஒரு குற்றமும் இல்லை என்று பெருமையும் அடித்துக்கொண்டேன்.

பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கிளாக்கர் ஐயா வாசித்துச் சொன்னார். மனைவி ஒரு வருஷத்துக்கு மேல் நாட்டில் இல்லாதபடியால் மனு தள்ளுபடி. படிவத்தில் ஆறு மாதம் என்றுதான் உன் புருஷன் எழுதிக் கொடுத்திருந்தாராம். அது எனக்குத் தெரியாது. அப்படியே சொல்லு என்று எனக்குப் பொய் சொல்லிக் கொடுக்க உனக்கு வாய் வந்திருக்காது.

சாட்சி சொன்னவர்கள் இரண்டே பேர். உன் புருஷனுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. மரக்கறிப் பாத்தித் தகராறில் ஏற்கெனவே அண்ணனோடு முகம் கோணியிருந்தவர், "அவருதான் காட்டிக் குடுத்துட்டாரு" என்று லயம் முழுக்கச் சொன்னார். அண்ணன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் எல்லாரும் நம்பினார்கள். அவர் வாசலை மிதிப்பதை விட்டார்கள். கல்யாணம் காட்சி என்றாலும் கூப்பிடுவதில்லை.

அன்றிலிருந்து நீ சொல்வதெல்லாம் அவரைப் பற்றித்தான். "இன்னைக்கும் மச்சாண்டார மனசுக்குள்ள ஏசிட்டேன் புள்ள. தப்புப் பண்ணியிருந்தா அது அவரோட. நான் ஏன் ஏசணும்?" ஒரு பாவமும் அறியாத மனுஷனை ஏசிவிட்டு, அதற்காக நீ வருந்திக்கொண்டு வந்தாய். நான் பக்கத்தில் நடந்தேன். யாரையோ முறைத்தேன், யாருடைய கத்தியையோ கேட்காமல் எடுத்தேன் என்று சில்லறை விஷயங்களாக அடுக்கினேன். செய்ததைச் சொல்லிக்கொள்வதில் அவ்வளவு தேறிவிட்டேன், சொல்லாதது ஒன்று இருப்பது உனக்குத் தெரியவே இல்லை. சொன்னால் நீ என்னோடு பேச மாட்டாய் என்று பயந்தேன். அந்தப் பயம் மட்டும்தான் காரணம்.

இரண்டு வருஷம் கழித்து நீங்கள் இந்தியாவுக்குக் கிளம்பினீர்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ஒரு தகரப் பெட்டியும் பாய்ச் சுருளுமாக நின்றோம். பிளாட்பாரத்துக் கோடியில் உன் மச்சாண்டார் வந்து நின்றார். உன் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துறவா புள்ள?" என்று நீ என்னைக் கேட்டாய்.

புருஷனைக் கேட்காமல் என்னைக் கேட்டாய். போய்விட்டு வா என்று சொல்வதற்கு எவ்வளவு நேரமாகும்? நீ அவரிடம் போய் ஏதாவது கேட்டு, அவர் ஏதாவது சொல்லிவிட்டால் என்னாவது என்று பயந்தேன். "ரயிலு வருது, ஏறு" என்றேன். ரயில் வர இன்னும் நேரம் இருந்தது.

அதற்குப் பிறகாவது எழுதியிருக்கலாம். எழுதினால் உன் புருஷன்தான் உனக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டே ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

தபாலட்டையை உன் மச்சாண்டாரிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. தம்பி பெண்டாட்டி செத்தால் அவருக்குத் தீட்டு உண்டு, குளிக்க வேண்டும். முந்தாநாள் சாயங்காலம் அவர் வாசலில் போய் நின்றேன். செய்தியைச் சொன்னேன். சொன்ன வாயோடு, "அண்ணே, அன்னைக்கு அந்த வருசக் கதையச் சொன்னது நான்தான்" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் தங்கச்சி. நான் வாசல்லதான நின்னேன்."

"அப்ப ஏண்ணே வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா தம்பி எங்கூடப் பேசுவான். அந்தப் புள்ள உங்கூடப் பேசாது. மலையில அதுக்கு வேற யாரு இருந்தா?"

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மழையோடு மழையாகப் பீலிக்கு இறங்கினார். அந்தக் குளிரில் அவர் தலையில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், ஆட்கள் கலைவதற்குள் சத்தமாகச் சொல்லிவிட்டேன். காட்டிக் கொடுத்தது அவரில்லை, நான் என்று. மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போது பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். ஆனால் சாயங்காலம் நான் வரும்போது, அவர் வாசலில் மூன்று பேர் சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு கடந்து வந்துவிட்டேன்.

நீ போன பிறகும் ஒரு நாள் தவறாமல் இறங்கும் வழியில் என்னை நானே கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். இன்றைக்குச் சொல்ல இந்த ஒன்றுதான் இருந்தது. பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, சொல்ல வேண்டிய உனக்குச் சொல்லவில்லை. நீ கேட்டிருந்தால் என்னை ஏசியிருப்பாய். அதற்காக மறுநாள் சாயங்காலம் வருந்தியும் இருப்பாய். அந்த ஏச்சை வாங்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, புள்ள.