எம்.எஸ்சி. முடித்த பிறகு சம்பளம் கேட்டது

ஜூன் 2, திங்கள்
காலையிலேயே அனல். திண்டிவனத்தில் ஏறியதிலிருந்து விழுப்புரம் வரை பஸ்ஸில் நின்றபடியே. விக்கிரவாண்டி தாண்டும்போது போனில் ரிசல்ட். எம்.எஸ்சி. சைக்காலஜி, தபால் வழி. பாஸ்! புள்ளியியல் பேப்பர் மட்டும் மூன்றாவது தடவை. (யாருக்கும் சொல்லவில்லை.) பக்கத்தில் நின்ற அம்மாளிடம் சொன்னேன். "சந்தோசம். காலை மிதிக்காத" என்றார்.

கடையில் எல்லாருக்கும் பால்கோவா, என் காசு. முதலாளி (இனி மு., எழுதிக் கை வலிக்கிறது) மூன்று எடுத்துக்கொண்டார். "சைக்காலஜின்னா பைத்தியத்துக்குப் பாக்குறதா? டைல்ஸ் கடையில அது எதுக்கும்மா?"

பதினொரு வருடமாக இங்கே பில் போடுகிறேன். பதினாலாயிரம். இருபது கேட்கப் போகிறேன். எழுதியாகிவிட்டது, இனி பின்வாங்கக் கூடாது.

ஜூன் 3, செவ்வாய்
சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. என் வீட்டுக்காரர் மு. வேடத்தில், மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே.

"சார், சம்பளம் கொஞ்சம் ஏத்திக் குடுக்கணும்."

"முடியாது. யாவாரமே இல்ல. போறதுன்னா போ, வேற ஆள் பாத்துக்கினு இருக்கேன்."

பதினெட்டுக்கு இறங்கினேன். முடியாது. பதினாறு. முடியாது. அழுகையே வந்துவிட்டது. "யோவ், நீ என் புருசன்தானே? பொய்யா ஏத்திக் குடுத்தாகூட உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

"நான் அந்த ஆளாவே மாறிட்டேன் செல்வி" என்றார், பெருமையாக. சாம்பாரில் உப்பு போடவில்லை. வேண்டுமென்றே.

ஜூன் 5, வியாழன்
கேட்டுவிட்டேன்.

மு.: "எனக்கு ஆசைதாம்மா. கணக்கு அவகிட்டல்ல இருக்கு? அவ ஒத்துக்காம ஒரு ரூவா நகராது."

அவள் என்றால் மு.வின் மனைவி. நாங்கள் 'அம்மா' என்போம். மாடி அறையில் கடைக் கணக்கு முழுவதும் அவர்தான். ஏறினேன்.

"நான் என்ன கண்ணு வேணாம்னா சொல்றேன்? அந்த ஆளுதான் பேஜாரு. அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், எழுதிடறேன்."

இறங்கினேன். "அவ சொல்லட்டும்." ஏறினேன். "அவரு சொல்லட்டும்." இருபத்திரண்டு படி. மதியத்துக்குள் நான்கு நடை. சம்பளம் ஏறவில்லை, நான்தான் ஏறினேன்.

ஜூன் 7, சனி
வாங்க: சோப்பு, கேப்பை மாவு, முழங்கால் தைலம்.

பதினோரு மணிக்கு மு. கத்தல். "செல்வி! சைக்காலஜி! ஜல்தி வா!" கண்டமங்கலத்திலிருந்து ஒரு ஜோடி. புது வீடு, சமையலறை டைல்ஸ். அந்த அக்காவுக்கு வெள்ளை, அண்ணனுக்குக் கருப்பு. நான்காவது தடவையாக வந்து சண்டை.

எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "அவரு ஏன் வேணாங்கறாருன்னு நீங்க சொல்லுங்கக்கா." பாடத்தில் படித்தது.

அக்கா யோசித்தார். "வெள்ளைன்னா தெனம் தொடைக்கணும். எனக்கு இடுப்பு வலி…" நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "அதுக்கா? வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

அண்ணனுக்குக் காதெல்லாம் சிவப்பு.

வெள்ளையே எடுத்தார்கள். துடைப்பது அண்ணன் பொறுப்பு. மு. கைதட்டினார். "இனிமே ஜோடியா வர்றவங்க எல்லாம் உன்கிட்டதான்."

"அப்ப பில்லுங்க சார்?"

"அதையும் போடு."

ஜூன் 12, வியாழன்
இன்று மூன்று ஜோடி. ஒருவர் டைல்ஸை விட்டுவிட்டு மச்சான் கல்யாணத்தில் மரியாதை கிடைக்காத கதையை ஒரு மணி நேரம் சொன்னார். கடைசியில் பாத்ரூமுக்கு நீலம். தொண்டை கட்டிவிட்டது. சம்பளப் பேச்சு எடுத்தால் மு. மாடியைப் பார்க்கிறார்.

இனி படி ஏறுவதில்லை.

ஜூன் 14, சனி
தூறல். ஆள் வரத்தே இல்லை. அம்மாவைக் கீழே கூப்பிட்டேன். அதே இரண்டு நாற்காலி.

"நாங்க எதுக்கு?" என்றார் மு.

"அஞ்சு நிமிசம் சார். அம்மா வேணாங்கறாங்கன்னு நீங்க சொல்றீங்க. நீங்க வேணாங்கறீங்கன்னு அம்மா சொல்றாங்க. யாருங்க வேணாங்கறது?"

அம்மா மு. பக்கம் திரும்பினார்.

"நான் எப்பங்க வேணாம்னேன்?" அம்மா.

"நீதானே செலவைக் குறைக்கச் சொன்ன?"

"உன் டீச் செலவைச் சொன்னேன்யா!" 'ங்க' போயேபோய்விட்டது. எனக்கு வேலையும் போய்விடும் என்று நினைத்தேன்.

அப்புறம் அம்மா குரல் இறங்கியது. "இவ பதினோரு வருசத்துல இப்பத்தான் கேக்கறா. நான் இருவது வருசமா மாடியில உக்காந்துக்கினு கணக்கு எழுதறேன். எனக்கு என்ன சம்பளம்?"

"உனக்கா? நீ என் பொண்டாட்டிடி."

"அது வேற. கணக்கு எழுதறது வேலை."

மு. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இதற்குப் பாடம் ஏதும் படிக்கவில்லை. இத்தனை வருடம் அம்மாதான் எங்களுக்குச் சம்பளக் கவர் கொடுத்தார். அவருக்குக் கவர் இல்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் சம்பளமே மறந்துவிட்டது. ஒரு நிமிடம்தான்.

"இருபது சார்."

மு. பதினாறு என்றார். அம்மா பத்தொன்பது என்றார்.

"நீ யார் பக்கம்?"

"சம்பளக்காரங்க பக்கம்."

பதினெட்டரை! அம்மாவுக்கும் அதே. மு. எழுந்து போய் டீ குடித்தார், சொந்தச் செலவில்.

வீட்டில் சொன்னேன். "நான் மு.வா இருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றார் வீட்டுக்காரர். தெரியும்.

ஜூலை 1, செவ்வாய்
வெயில். சம்பள நாள். வவுச்சர் இரண்டையும் நானே எழுதினேன். அம்மா ரெவின்யூ ஸ்டாம்ப்பின் மேல் கையெழுத்துப் போட்டார், முழுப் பெயரோடு. அவர் பெயர் கஸ்தூரி என்று இன்றுதான் தெரியும்.

மூன்று மணிக்கு மாடியில் ஆள் இல்லை. பை, குடை இல்லை. மு. நாலு தடவை போன் அடித்தார், எடுக்கவில்லை. "எங்கம்மா போனா? சொல்லிக்கினு போனாளா?"

"இல்லீங்க சார்."

நாலரைக்கு என் போன். பின்னால் காற்று இரைச்சல், அலைச் சத்தம். "பாண்டி பீச்சுல இருக்கேன் கண்ணு. ஐஸ்கிரீம் துன்னுக்கினு. அந்தாளுகிட்ட சொல்லாத."

"யாரும்மா போன்ல?" மு. கல்லாவிலிருந்து.

"கஸ்டமர்ங்க சார்."