பின்னேரக் கிளினிக்

இன்று ஆஸ்பத்திரிக்குப் புதிய சுவரொட்டிகள் வந்தன. வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒருவர் பூங்காவில் நடக்கிறார்; நீரிழிவைத் தடுக்க நாள்தோறும் நடக்க வேண்டுமாம். பசை காயுமுன்பே உன் நினைவு வந்துவிட்டது. "இவர் எந்த ஊர் ஆள், புள்ள?" என்று கேட்டிருப்பாய். சேர்ந்து சிரிக்க இங்கே இப்போது எவரும் இல்லை.

நீயும் நானும் தாதியராக இந்த வாவிக்கரைக்கு வந்த புதிதில்தான், நடுவயதைத் தாண்டிய எல்லாருக்கும் இரத்தத்தில் சீனியும் பிறசரும் பார்க்கும்படி அரசாங்கத்தின் சுற்றுநிருபம் வந்தது. நல்ல திட்டம்தான். காலையில் மேசை போட்டுக் காத்திருந்தோம். பெண்கள் வந்தார்கள், ஆண்கள் வரவில்லை. அவர்களுடைய தோணிகள் கரை சேரும்போது கிளினிக் பூட்டியிருக்கும். பின்னேரத்துக்கு மாற்றித் தரக் கேட்டாய். சுற்றுநிருபத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள்.

"அப்ப நாம போவம்" என்று கருவிகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தாய். நானும் வந்தேன்.

மீன்பிடிக்கிற தங்கராசாவுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் இருப்பதை அங்கேதான் கண்டோம். கிளினிக்குக்கு அனுப்பினோம். மருந்துக் குளிசை முடிந்திருந்தது, வெளியில் வாங்கச் சொன்னார்கள். அடுத்த கிழமை அவர் வலையைக் கீழே போட்டுவிட்டு உன் முன்னால் வந்து நின்றார்.

"வருத்தம் இரிக்கெண்டு சொல்லத் தெரியுது, குளிசை தரத் தெரியல்லயா மிஸ்? தெரியாமலே இரிந்திரிப்பன். இப்ப நித்திரையும் போச்சு."

புளியந்தீவில் சுகாதார அதிகாரிகள் நடத்திய அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனாய். அதே கேள்வியை அங்கேயும் கேட்டார். யாரோ தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள். புதன்கிழமைகளில் பின்னேரக் கிளினிக் நடத்த அனுமதி கிடைத்தது. குளிசைக்கு மட்டும், "பார்ப்போம்" என்றார்கள்.

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கராசாவின் கால்விரல்கள் இரண்டு போய்விட்டன. அப்படியும் தோணி ஏறுகிறார். நீயோ உன் பிறசருக்குக் குளிசையை ஒருநாளும் தவறவிட்டவள் அல்ல. ஒருநாள் காலை வேலைக்குப் புறப்படும்போது விழுந்தாய், எழும்பவே இல்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது?

அன்று அந்தக் கூட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, "இதெல்லாம் விட்டிருவமா?" என்றேன். "விட்டா, அவர் ஏசிறதுக்கும் ஆளில்லாமப் போயிரும், புள்ள" என்றாய்.

களைத்துவிட்டேன். என்றாலும் இன்று புதன், போனேன். குளிசை பாதிப்பேருக்குத்தான் கிடைத்தது. கடைசியாக நின்றவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். முழுவதையும் இருந்து கேட்டேன். பிறகு, "கையை நீட்டுங்க, பிறசர் பாப்பம்" என்றேன். ஏசிக்கொண்டே நீட்டினார்.