இடது பக்க ஸ்பீக்கர்

குற்றிச்சிறை, கோழிக்கோடு
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ருக்கியாவுக்கு உப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மருமகன் ஹனீபாவும் பிள்ளைகளும் படைத்தவன் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் இருக்கிறேன். உன்னிடம் சொல்லவேண்டிய சங்கதி ஒன்று உண்டு, பயப்படாமல் கடைசிவரை படி.

நீ கொடுத்தனுப்பிய ஸ்பீக்கர் இரண்டும் கீறல் படாமல் வந்து சேர்ந்தன. உன் உம்மா போன பிறகு நான் பாட்டே கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றில்லை, எதுவுமே வேண்டும் என்று தோன்றவில்லை, சோறு வைத்தால் தின்பேன், வைக்காவிட்டால் கேட்கமாட்டேன், அழுகைகூட வரவில்லை, உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. பெட்டியைப் பிரிக்காமல் ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்தேன். மர டிப்போ இம்பிச்சிக்கோயா வந்து பார்த்துவிட்டு, ஏண்டா பீரான், புள்ள ஆசையா அனுப்பினத இப்பிடிப் பொணம் மாதிரிப் போட்டு வெச்சிருக்கியே என்று திட்டி அவனே பிரித்தான். முதலில் நம் பழைய ஆம்ப்ளிபயரில் மாட்டி, அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துப் பாட்டுப் போட்டோம், குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவது போல ஒரே முழக்கம். இவன் விடுவானா, டிப்போவிலிருந்து இரண்டு தேக்குக் கட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வரும்படி அவற்றின்மேல் தூக்கி வைத்தான், சுவரைவிட்டு முன்னால் இழுத்தான், இரண்டின் முகத்தையும் என் நாற்காலி பக்கம் கொஞ்சம் திருப்பினான், தரையில் பாய் விரித்து, கண்ணாடி ஜன்னலுக்குக் கனத்த போர்வையும் கட்டினான். முழக்கம் போய்விட்டது. ஆனால் எனக்கு வலது பக்கத்துச் சாரங்கி மட்டும்தான் தெளிவாகக் கேட்டது, இடது பக்கத்துத் தபலா சாக்குப் பைக்குள் அடிப்பது போல இருந்தது. இடது பக்கத்து ஸ்பீக்கர் பழுதப்பா என்றேன். அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ரெண்டும் சரியாத்தான் இருக்கு, பாடுற ஆளு குரல் நட்ட நடுவுல நிக்குதுடா, உனக்கு என்ன கேடு என்றான். இரண்டு ஸ்பீக்கர் ஒயரையும் இடம் மாற்றிச் சொருகினான், இப்போது தபலா பளிச்சென்று கேட்டது, சாரங்கி அமுங்கிவிட்டது. சுவரைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப்போட்டு என்னை உட்கார வைத்தான், மறுபடி தலைகீழாகிவிட்டது. பிறகு கிட்டே வந்து தன் கட்டைவிரலால் என் வலது காதை அடைத்தான். அவன் உதடு அசைவது தெரிந்தது மகளே, ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மறுநாள் அவனே காது டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். இடது காதின் நரம்பு போய்விட்டதாம். உன் உம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த சமயம், ஒரு காலையில் தலை சுற்றி, காதில் பஞ்சு அடைத்தது போல இருந்தது, தூக்கமில்லாததுதான் காரணம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. உடனே வந்திருந்தா மருந்துல சரியாகியிருக்கலாம், இப்ப நம்பிக்கை தர முடியாது உப்பா, வலது காதைப் பத்திரமாப் பாத்துக்குங்க என்றார் டாக்டரம்மா. சரி என்றேன். வருத்தமாக இல்லை, வேறு யாருக்கோ சொல்வது போலத்தான் இருந்தது. வெளியே வந்தபோது அழுதது இம்பிச்சிக்கோயாதான்.

ஆட்டோவில் வரும்போது அவன் ஒன்று சொன்னான். நீ அவன் வீட்டுக்காரியிடம், உம்மாவ மண்ணுல வைக்கிறப்ப வர முடியலைன்னு உப்பாவுக்கு என்மேல கோபம், போன் பண்ணினா எடுத்துட்டு ஒண்ணும் பேசாம வெச்சிடறாரு என்று சொல்லி அழுதாயாமே. அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன் என் கட்டிலுக்கு இடது பக்கம் இருக்கிறது, எடுத்தால் அந்தக் காதில்தான் வைப்பேன். நீதான் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன், அவளும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது, சொல்ல ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவேன். கோபம் என்று ஒன்று என்னிடம் இருக்கவே இல்லை மகளே. லீவு கிடைக்காதது உன் குற்றமா.

பாட்டுக்கும் ஒரு வழி பிறந்தது. இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கிற பொத்தான் ஒன்று நம் பழைய ஆம்ப்ளிபயரில் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு, வலது காது ஸ்பீக்கர் பக்கம் இருக்கும்படி நாற்காலியைக் குறுக்காகப் போட்டுக்கொண்டேன். சாரங்கியும் தபலாவும் சேர்ந்தே வந்தன. பெரிய பரவசம் ஒன்றும் இல்லை. ஆனால் முடிந்ததும், இன்னொரு தரம் போடு என்றேன். அதற்கு இம்பிச்சிக்கோயா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

என்னை அங்கே கூட்டிப்போகும் பேச்சை இப்போது எடுக்காதே. வெயிலில் பிள்ளைகளை அலையவிடாதே, ஹனீபாவிடம் என் சலாம் சொல். ரப்பு உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய். வலது காதில்தான் வைப்பேன். உம்மாவைப் பற்றி அந்தப் போன்களில் நீ சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்லு, எனக்கு ஒரு சொல்கூட வந்து சேரவில்லை.

இப்படிக்கு
உன் உப்பா
பீரான்குட்டி