இரண்டாம் பாகம்

10-8-54, செவ்வாய்

இன்றும் நூலகத்திலிருந்து வெறுங்கையோடு வந்தேன். ஊழியர்களின் முக்காலிகளைப் புது மானேஜர் எடுத்துவிட்டார். நாள் முழுக்க நின்றே வேலை செய்யவேண்டுமாம். கோபத்தில் அவர்களும் விதிப்படி மட்டுமே நடக்கிறார்கள். புத்தகத்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னால்தான் தருவார்கள். பிறர் முன்னால் எனக்குப் பேச்சே வராது.

என் முகத்தைப் பார்த்தே எடுத்துத் தரும் மேரி அக்காகூட, "பேரச் சொல்லு கண்ணு. சொல்லாங்காட்டி குடுக்கக்கூடாதுன்னு பேசி வச்சிகினோம்" என்றார்.

நான் படித்த நாவலின் முதல் பாகத்தில் கதாநாயகி கப்பலேறிவிட்டாள். எங்கே இறங்கினாள் என்று எனக்குத் தெரியவேண்டும். இரண்டாம் பாகம் அக்காவுக்குப் பின்னால் அலமாரியிலேயே இருந்தது.

"இன்னாமே, நாக்க வூட்ல வச்சிட்டு வந்துட்டியா?" என்றார் வரிசையில் நின்ற துறைமுகத்துக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். ஓடி வந்துவிட்டேன்.

அக்காவின் கால்கள் வீங்கியிருந்தன. அவருக்கு முக்காலி கிடைக்கட்டும்.

புத்தகத்தின் பெயரை இப்போது வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். குரல் நன்றாகத்தான் வருகிறது.