முதல் மிதி சாமிக்கு அல்ல, தம்பி

என் செல்லத் தம்பிக்கு,

செல்லம் என்று எழுதியதால் கொஞ்ச வருகிறேன் என்று நினைக்காதே. ஏசத்தான் வந்திருக்கிறேன். நீ போய் வருசம் திரும்பப்போகிறது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இந்தக் கிழமை அது கூடித்தான் விட்டது.

உன் கார் திரும்பி வந்துவிட்டது. வாய்க்காலுக்குள் உன்னோடு விழுந்த அதே கார்தான். நெளிந்த இடமெல்லாம் தட்டி நிமிர்த்தி, முன் கண்ணாடி மாற்றி, வெள்ளைப் பெயின்ற் அடித்து, உன் மனைவியின் தம்பி ரமணன் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். இனி அவன்தான் அதை வாடகைக்கு ஹயர் ஓடப்போகிறானாம். திங்கட்கிழமையிலிருந்து உன் மகள் துளசியையும் அதிலேயே கிளிநொச்சிக்கு வகுப்புக்கு ஏற்றிப்போவானாம்.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலடியில் பூசை. ஐயர் சந்தனம் பூசினார். சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், கண்ணூறு படாமல் முன்னுக்குக் கறுத்தக் கயிறும் கட்டினார்கள். எல்லாம் சரி. ஒருவராவது ஒரு சில்லைக் கழற்றி உள்ளே பார்த்தார்களா?

வீட்டுக்கு வந்ததும் நான் காருக்குள் ஏறி இருந்து பிரேக்கை மிதித்தேன். கால் அடித்தட்டுவரை போனது. விட்டு மறுபடி மிதித்தேன், பிடித்தது.

"ரமணன், இது பிடிக்குதில்லையடா!"

"ஓம் அக்கா, முதல் மிதியில பிடியாது. ரெண்டாவதில நல்லாப் பிடிக்கும். அத்தான் முந்தியே சொல்லித் தந்தவர்தானே."

சொல்லித் தந்தாய்தானே? காரை இரவல் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் திறப்பைக் கொடுக்கும்போது சிரித்துச் சிரித்துச் சொல்வாய்: "முதல் மிதி சாமிக்கு, ரெண்டாம் மிதி உனக்கு." ஊரே அதைப் பாடமாக்கி வைத்திருந்தது. பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் எங்கள் ஸ்கந்தபுரத்தில் பாதிப் பேர் அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிழையைத் திருத்தாமல், பிழையோடு ஓடப் பழகிக்கொண்டீர்கள். என்ன மனுசரப்பா நீங்கள்!

நீ போனபிறகு நான் கண்ட கராஜ் எல்லாம் ஏறி இறங்கிக் கேட்டேன். முதல் மிதி கீழே போய் இரண்டாவதில் பிடித்தால், சில்லைப் பிடித்து நிறுத்துகிற லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது குழாய்க்குள் காற்று நிற்கும், அல்லது எங்கோ ஒயில் கசியும். மிதித்தபடியே வைத்திருக்கக் கால் மெல்ல மெல்ல இறங்கினால் கசிவுதான், இல்லையென்றால் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் உள்ளே தேய்ந்துவிட்டது. பிரேக் அடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால் மற்றப் பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. இரும்பு உரசுகிற சத்தம் வந்தால் லைனிங்கே முடிந்துவிட்டது.

இதில் உனக்கு எது தெரியாமல் இருந்தது? இடப்பக்கம் இழுத்தபோது றோட்டுச் சரிவு என்றாய். உரசியபோது கிரவல் தூசி என்று சொல்லி ரேடியோச் சத்தத்தைக் கூட்டினாய். பிரேக் ஒயில் குறையக் குறைய ஊற்றினாயே, அது எங்கே போகிறது என்று ஒருநாளாவது யோசித்தாயா? குடத்தில் தண்ணீர் குறைந்தால்கூட ஓட்டை எங்கே என்று தடவிப் பார்க்கிறோம்.

செத்தவீட்டில் எல்லோரும் மாட்டைத்தான் ஏசினார்கள். வளைவில் குறுக்கே வந்ததாம். மாடு வராத றோட்டு வன்னியில் எங்கேயடா இருக்கிறது? அதற்குத்தானே பிரேக்! பிறகு விதி என்றார்கள். உன்னை ஒருவரும் குறை சொல்லவில்லை. நீ நல்லவன், ஊருக்கு ஓடியோடி உதவினவன். அதனால் உன் படத்துக்கு மாலை போடும்போது உன் பிழைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

நான் ரமணனிடமிருந்து கார்த் திறப்பை எடுத்துவிட்டேன். சந்தியில் கராஜ் வைத்திருப்பவரை வீட்டுக்கே கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் பின்சில்லைக் கழற்றச் சொன்னேன். லைனிங்கை மூடியிருக்கும் டிரம்மை இழுத்தால், உள்ளே ஒயில் கசிந்து லைனிங் ஊறிப்போய், தூசியோடு சேர்ந்து கறுத்தச் சேறாக அப்பியிருந்தது. அந்தச் சில்லின் சிலிண்டருக்குள் இருக்கும் றப்பர் போய்விட்டது என்றார். வெளியே மட்டும் புதுப் பெயின்ற் மினுங்கியது.

உன் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "செத்த மனுசனைக் குறை சொல்லுறதுக்கோ மச்சாள் இதெல்லாம்?"

"இல்லை. இருக்கிற பிள்ளையைக் காப்பாத்துறதுக்கு."

துளசி குந்தியிருந்து அந்தச் சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டாள்: "அப்ப மாமி, இதை முதலே கழட்டிப் பாத்திருந்தால் அப்பா இருந்திருப்பாரோ?"

நான் "இல்லை" என்று சொல்லவேண்டும் என்றுதான் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெற்ற பிள்ளையை இப்படிக் கேட்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே, நீயெல்லாம் ஒரு தகப்பனா?

"ஓம் பிள்ளை, இருந்திருப்பார்" என்றேன்.

துளசி உள்ளே போய்க் கதவைச் சாத்தினவள்தான், அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. பரவாயில்லை. உயிரோடு இருந்து என்னைக் கோபிக்கட்டும்.

சிலிண்டர், லைனிங், ஒயில் எல்லாம் மாற்றி, நானே மிதித்துப் பார்த்து, முதல் மிதியில் பிடிக்கும்வரை அந்தக் கார் படலையைத் தாண்டாது. அதுவரை துளசி பஸ்ஸில் போவாள், கதைத்தாலும் கதைக்காவிட்டாலும் நான் பக்கத்தில் இருப்பேன். உன் திவசத்தன்று யாராவது மாடு என்று கதையைத் தொடங்கினால், படையலுக்கு முன்னால் நின்றே நடந்ததைச் சொல்லுவேன். சத்தியமாகச் சொல்லுவேன். நான் சொல்வது பொய் என்றால் எழும்பி வந்து என்னோடு சண்டை பிடி. ஒருதரம் வந்து பிடியேன்டா.

இன்னும் உன்னை மன்னிக்காத,
உன் ஒரே அக்கா